நடைக்கு ஒரு நகல்

டிரில் டீச்சர் தெருவில் நடந்து வந்தால், பேருந்து நிறுத்தத்தில் சாய்ந்து நிற்கிறவர்கள்கூடச் சட்டென்று நிமிர்ந்துகொள்வார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை, பழக்கம்தான். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் சின்ன வயதில் அவருடைய உடற்பயிற்சி வகுப்பில் வெயிலில் நின்றவர்கள். கூன் போட்ட முதுகைக் கண்டால் டீச்சர் ஒரே ஒரு விரலை அதில் வைத்து அழுத்துவார். அந்த விரலுக்குப் பணியாத முதுகு ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய வீட்டுக்காரருடையது.

வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மெஷின் மேல் குனிந்து குனிந்து அவர் முதுகு அந்த வாக்கிலேயே நின்றுவிட்டது. ஊருக்கு அவர் ஜெராக்ஸ்காரர். வீட்டில் அவரும் மனைவியை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது. நாளாக ஆகக் கேலி உதிர்ந்து பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த டீச்சருக்குத்தான் மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி கொட்டியது. டீச்சர் பள்ளிக்கூட விளையாட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, இனிமேல் சீப்பைத் தேடுகிற வேலை மிச்சம் என்றார். நாக்கில் ருசி போயிற்று. உங்கள் சமையலைச் சாப்பிட இதுதான் சரியான நேரம் என்று வீட்டுக்காரரிடம் கரண்டியைக் கொடுத்தார். வந்ததையெல்லாம் இப்படி ஒரு கை பார்த்தவரை, கடைசியில் களைப்பு வந்து மடக்கியது. தூங்கினால் போகிற களைப்பில்லை அது. அவர் தூங்கி எழுந்தால் அதுவும் கூடவே எழுந்து உட்கார்ந்துகொண்டது.

இதை ஜெராக்ஸ்காரருக்கு யாரும் சொல்லவில்லை. டீச்சர் சொல்கிற ஆளுமில்லை. அவராகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போகும்போது டீச்சரின் இடது கை சுவரைத் தடவிக்கொண்டே போகும், தூசி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. அங்கே வந்ததும் நின்று தேதி பார்ப்பார். காலையில் பார்ப்பார், மத்தியானம் பார்ப்பார், தண்ணீர் குடிக்கப் போகும்போது பார்ப்பார், குடித்துவிட்டுத் திரும்பும்போதும் பார்ப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால் தொங்கியது போன மாதத்துத் தாள். யாரும் கிழிக்கவில்லை. முடிந்துபோன மாதத்தில் இந்த மனுஷி இவ்வளவு அக்கறையாக எதைத் தேடுகிறார் என்று ஜெராக்ஸ்காரர் மண்டையைக் குழப்பிக்கொண்டார். புரிந்த அன்று கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷட்டரை ஏற்றினார். வாசலில் மூன்று பேர் நகல் எடுக்கக் காத்திருந்தார்கள்.

நேராகக் கேட்டும் பார்த்தார். களைப்பாக இருக்கிறதா டீச்சர் என்றால், "யாருக்கு?" என்று பதில் வரும்.

ஆஸ்பத்திரியில் இதைவிட மோசம். களைப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று பெரிய டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். டீச்சர் கூரையைப் பார்த்து யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு ஒன்று என்பார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. உடம்பு தாங்கவில்லை என்றால் மருந்தின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேரலாம் என்று டாக்டர் முதல் நாளே ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தார். அன்று அவர் சொன்ன மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் டீச்சர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"டயர்டுன்னு சொன்னா மருந்தக் குறைப்பாங்க. மருந்தக் குறைச்சா கட்டி திரும்பி வரும். நான் இன்னும் வாழணும்ங்க. நீங்க மட்டும் டாக்டர்கிட்ட வாயத் திறந்தீங்க, அப்புறம் நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்.

டீச்சர் பேசாமல் இருப்பதை ஜெராக்ஸ்காரரால் கற்பனைகூடச் செய்ய முடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் பயம் வாயை மூடிக்கொள்ளவில்லை. இப்படி மறைத்து மறைத்து ஒரு நாள் குளியலறையில் விழுந்து வைத்தால் என்ன செய்வது? டாக்டருக்குத் தெரிந்தால் ஏதாவது வழி பண்ண மாட்டாரா? சொன்னால் டீச்சர் மன்னிக்க மாட்டார், சொல்லாவிட்டால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்று அவர் இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தார்.

அந்தச் சமயத்தில்தான் நடைப்பெண் வந்து சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீளமாக ஒரு கறுப்புப் பாயை விரித்து, அதன் முனையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள் அந்தச் சின்னப் பெண். ஆராய்ச்சி செய்கிறவள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று கழுத்து அட்டையில் இருக்கத்தான் செய்தது, ஆனால் நோயாளிகள் எல்லாருக்கும் அவள் நடைப்பெண்தான். களைப்பை வாயால் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், சிலர் கூட்டிச் சொல்கிறார்கள், சிலர் மூடி மறைக்கிறார்கள், அதனால் நடையைப் பார்த்துக் களைப்பை அளக்கப் போகிறோம் என்று அவள் விளக்கினாள். அடி எவ்வளவு நீளம், காலைத் தூக்கி வைக்க எவ்வளவு நேரம், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையெல்லாம் அந்தப் பாய் குறித்துக்கொள்ளும்.

"வாய் மறைக்கும்மா, கால் மறைக்காது" என்றாள் டீச்சரிடம்.

டீச்சரின் காலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? டீச்சர் தொப்பியைச் சரி செய்தார். தாடையைத் தூக்கினார். உதடு அசையாமல் மனத்துக்குள் லெஃப்ட் ரைட் சொல்லிக்கொண்டு, கையை வீசி, பாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். கோடியில் குதிகாலில் சுழன்று திரும்பினார். மருந்து ஏற்றக் காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார், பழைய மாணவராக இருக்கும். இத்தனையும் முடிந்து, தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. அதை ஜெராக்ஸ்காரர் ஒருவர்தான் பார்த்தார்.

நடைப்பெண் கணினித் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். ஒரு நோயும் இல்லாத தன்னுடைய நடைகூட இவ்வளவு சீராக இருக்காதே என்றாள். சரி, தாழ்வாரத்தில் நடப்பது வேறு, வீட்டில் நடப்பது வேறு, எல்லாருக்கும் கொடுப்பதுதான் என்று ஒரு பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள். பெல்ட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

வீட்டுக்கு வந்து டீச்சர் பெல்ட்டை மேசை மேல் போட்டுவிட்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தார். பாய் மேல் ஒரு தடவை வீறாப்பாக நடந்துவிடலாம். வாரம் முழுக்க வீட்டுக்குள் அணிவகுப்பு நடத்த முடியுமா? கொஞ்ச நேரத்தில் அவர் பார்வை பெல்ட்டிலிருந்து நகர்ந்து வீட்டுக்காரரின் இடுப்பில் வந்து நின்றது. ஜெராக்ஸ்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அதுக்குக் கண்ணா இருக்கு, யார் இடுப்புன்னு பாக்க? நீங்க கட்டிக்குங்க. நல்லா கைய வீசி நடங்க. தயவுசெஞ்சு கூன் போடாதீங்க" என்றார் டீச்சர்.

ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்குக் கண்ணிமைக்கும் நேரம் முந்திக் காலை வைத்த பிள்ளையை வரிசையை விட்டு வெளியே நிறுத்தியவர் இப்படிச் சொன்னார் என்றால், உள்ளே எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும். அதை நினைத்துத்தான் ஜெராக்ஸ்காரர் மறுபேச்சுப் பேசாமல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். முதல் நாள் காலை சொன்னபடியே வீசி வீசி நடந்தார். ஒரு மேசை விளக்கைத் தட்டிவிட்டார்.

மத்தியானம் ஒருவர் மங்கிப்போன சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார். எழுத்தே தெரியவில்லை. நகலில் மட்டும் பளிச்சென்று தெரிகிற மாதிரி போட்டுக் கொடுங்கள் என்று நச்சரித்தார். இந்த மாதிரி ஆட்களுக்கு ஜெராக்ஸ்காரர் காலம் காலமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. அதைச் சொன்னார்.

"அசல்ல என்ன இருக்கோ அதுதான் சார் நகல்ல வரும். வேற மாதிரி வந்தா அதுக்குப் பேரு நகல் இல்ல."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். வந்தவர் கோபித்துக்கொண்டு போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. இடுப்பைக் குனிந்து பார்த்தார். வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே டீச்சர் சொல்லியிருக்கிறார்? காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

அன்று முதல் ஜெராக்ஸ் கடை அவருடைய வீடாக மாறியது. மூலையில் இருந்த மெஷின்தான் படுக்கையறை. கல்லா மேசை சமையலறை. நடுவில் காகிதக் கட்டுகள் அடுக்கிய அலமாரிதான் காலண்டர். மெஷினிலிருந்து எழுந்து, இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு, காலைத் தரையோடு தேய்த்த மாதிரி நடந்து, அலமாரியிடம் வந்ததும் நிற்பார். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. பிறகு கல்லாவுக்குப் போவார். திரும்பும்போது குதிகாலில் சுழலாமல், சின்னச் சின்ன அடியாக வைத்து வளைந்து திரும்புவார். அவசரமாக நகல் எடுக்க வந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். ஒருவர் ஐயாவுக்கு மூட்டுவலியா என்று கேட்டு ஒரு தைலத்தின் பெயரையும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் அது வெறும் நடிப்பாகத்தான் இருந்தது. இரண்டு நாள் போனதும் கால் அந்த நடைக்குப் பழகிவிட்டது. பழகிய பிறகுதான் ஜெராக்ஸ்காரருக்கு ஒன்று தெரிந்தது. அப்படி நடக்கிறவருக்குச் சமையலறை பக்கத்தில் இல்லை. எங்கேயோ இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடந்து வந்து டீச்சர் தினமும் தன் டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்கிறார் என்று நினைத்தபோது, கடையில் ஆள் இருப்பதையும் மறந்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கடையிலிருந்து வீட்டுக்குப் போகும்போதும் அவர் அந்த நடையை விடவில்லை. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்று நினைக்கிற மனுஷன். பள்ளிக்கூடத்து மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று போவார். வீட்டு வாசலில் மட்டும் நிமிர்ந்து கையை வீசுவார். இடையில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. கடை வாசலில் அப்போதுதான் இறக்கி வைத்த காகிதக் கட்டுகள் நனையப் போகின்றன என்று கண்டதும், களைப்பாவது காலண்டராவது, அடித்துப் பிடித்து ஓடி அத்தனையையும் உள்ளே தள்ளினார். பெல்ட் இடுப்பில் இருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

டீச்சரின் தம்பி பேருந்து ஓட்டுகிறவன். ஒரு நாள் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது, பட்டப்பகலில் அத்தான் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வருவதைப் பார்த்துவிட்டான். வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்கு வந்து, சுற்றி வளைத்து, தொண்டையைக் கனைத்துக் கேட்டான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. அத்தான் குடிக்க ஆரம்பிச்சிட்டாரா?"

டீச்சருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அரை கப் டீ கூடினாலே தூக்கம் போச்சு என்று புலம்புகிற ஆள் எங்கே, குடி எங்கே. ஆனால் தம்பி கண்ணால் கண்டதை எழுந்து நின்று நடந்து காட்டினான். சுவரைப் பிடிப்பது, நிற்பது, மூச்சு வாங்குவது. டீச்சரின் சிரிப்பு அடங்கிவிட்டது. குடிக்கவில்லை என்றால் வேறு என்ன? அவருக்கு உடம்பு சரியில்லை. மனைவியைக் கவனிப்பதிலேயே அவர் தம் உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். வீட்டு வேலை, கடை, ஆஸ்பத்திரி என்று இந்த மனுஷனைச் சக்கையாகப் பிழிந்துவிட்டோம் என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டார்.

ஜெராக்ஸ்காரர் கை வீசிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். உடம்புக்கு என்ன என்று டீச்சர் கேட்டார்.

"யாருக்கு?" என்றார் அவர்.

அது டீச்சருடைய சொந்தப் பதில். வருஷக்கணக்காகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டு மடக்கியவர் விடவில்லை. மறுபடி மறுபடி கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கென்ன குறை என்று அவர் சிரித்தார். இந்த மாதிரி பதில் சொல்கிற ஆளோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துவது என்று டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு அவரை உட்கார வைத்துவிட்டு டீச்சர் டீ போடப் போனார். டீச்சர் சுவரைத் தடவிக்கொண்டு போவதைப் பார்த்து அவர் எழுந்தார். உட்காருங்கள் என்று டீச்சர் அதட்டினார். நீ உட்கார் என்று அவர் மன்றாடினார். கடைசியில் யாரும் டீ குடிக்கவில்லை.

வாரம் முடிந்து பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். நடைப்பெண் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டி, கோடுகளைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வாடியது. நாற்காலியை டீச்சருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஜெராக்ஸ்காரர் பின்னால் நின்று சுவரிலிருந்த ஆணியைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க ஏன் சொல்லவே இல்ல? இது ரொம்பக் களைச்சுப்போன நடைம்மா. சில நேரம் நல்லாத்தான் இருக்கு, ஆனா பகல்ல பத்தடி நடக்கறதுக்குள்ள நின்னு நின்னு போறீங்க. இதுக்கு நாம ஏதாவது செஞ்சாகணும், டாக்டர இப்பவே பாத்துடலாம். ஒரு நாள் மட்டும் நடுவுல ஒரு ஓட்டம் இருக்கு, அதுதான் எனக்குப் புரியல" என்றாள் அவள்.

டீச்சர் திரையைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார். தம்பி நடந்து காட்டியது கண் முன்னால் வந்தது. பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்று சாதித்து, பாயில் இன்னொரு தடவை கைவீசி நடந்து காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். பெல்ட் யார் இடுப்பில் இருந்தது என்று இப்போது சொன்னால் தன் குட்டு உடையும். இத்தனை நாள் கட்டிக் காத்ததெல்லாம் போகும். மருந்தைக் குறைப்பார்கள். சொல்லாவிட்டால் இந்த மனுஷனை யார் பார்ப்பார்கள்? டீச்சர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அது என் நடை இல்லம்மா. நான் ஏமாத்திட்டேன். அந்தப் பெல்ட்டு வாரம் பூரா இவரு இடுப்புலதான் இருந்துது. என்னை விடு. முதல்ல இவருக்கு என்னன்னு பாரு. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு" என்றார். குரல் உடைந்துவிட்டது. டீச்சரின் குரல் உடைந்து ஜெராக்ஸ்காரர் கேட்டதே இல்லை.

அவர் ஆணியை விட்டுவிட வேண்டியதாயிற்று. தனக்கு ஒன்றுமில்லை, சத்தியமாக ஒன்றுமில்லை என்று தடுமாறினார். டீச்சர் நம்பவில்லை. நடைப்பெண் கையும் களவுமாகப் பிடிபட்ட இரண்டு பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் ஒரு வார ஆராய்ச்சி பாழாய்ப் போனதற்கு அழுவதா, இவர்களை அதட்டுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் தாழ்வாரத்தைக் காட்டி, நடங்க சார் என்றாள்.

ஜெராக்ஸ்காரர் பாயில் நடந்தார். கூன் முதுகோடு, டீக்கடைக்குப் போகிறவர்போல விறுவிறுவென்று போய்த் திரும்பி வந்தார். கம்ப்யூட்டருக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

"அப்ப இது யாரோட நடை?" என்று நடைப்பெண் திரையைக் காட்டிக் கேட்டாள்.

ஜெராக்ஸ்காரர் மறுபடி பாயின் கோடிக்குப் போனார். இடது கையால் தாழ்வாரச் சுவரைத் தொட்டார். காலைத் தேய்த்து, மெதுவாக நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார். வெறும் சுவரை நிமிர்ந்து பார்த்து, விரலை வைத்து, ஏதோ தேதி தேடுகிறவர்போல மேலும் கீழும் நகர்த்தினார். அதற்குள் இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு சின்னச் சின்ன அடி வைத்து வளைந்து திரும்பினார்.

டீச்சர் அந்த நடையைப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நடந்த நடை. அது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், மீசை வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க வந்துகொண்டிருந்தது.

"காலண்டர்கிட்ட நிக்கறது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"அது போன மாசத்துத் தாள் டீச்சர்" என்றார் ஜெராக்ஸ்காரர். "வாயத் திறக்கக் கூடாதுன்னு நீ சொன்ன. நான் திறக்கல."

டீச்சர் அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்கு உதடு கோணியது. அழப்போகிறார் என்று பயந்து அவர் கிட்டே வருவதற்குள் சிரிப்பு வெடித்துவிட்டது. மருந்து ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது, அதில் அழுகையும் இருந்தது, ஆனால் சிரிப்புத்தான் கூட. நடுவில் நடைப்பெண் விடாமல் அந்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்டாள். மழை, காகிதம் என்று ஜெராக்ஸ்காரர் முனகினார். "பேப்பர் நனையுதுன்னா இவரு மயக்கத்துலேந்தே எந்திரிச்சு ஓடுவாரு" என்று டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நடைப்பெண்ணும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. விஷயம் முழுவதையும் கேட்டார். பத்துக்கு எத்தனை என்று பழைய கேள்வியையே கேட்டார். டீச்சர் கூரையைப் பார்க்கவில்லை. எட்டு என்றார். வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சில நாள் ஒன்பது என்றார். டாக்டர் உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ரத்தம் போன தடவையைவிட நன்றாகவே குறைந்திருந்தது, தைராய்டு சுரப்பியும் மந்தமாகியிருந்தது. ரத்தம் ஏற்றிவிடலாம், தைராய்டுக்கு மாத்திரை இருக்கிறது என்றார் டாக்டர். களைப்பு முழுவதும் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. பாதியாவது இறங்கும், தினமும் முடிந்த அளவு மெதுவாக நடங்கள், களைத்தால் வெட்கப்படாமல் உட்காருங்கள் என்றார்.

"குறைச்சிடுவீங்களா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டார். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கேள்வி.

"இப்ப அதுக்கு அவசியமே இல்லம்மா. நாளைக்கே தேவைப்பட்டாலும் அது வைத்தியம்தான், நீங்க தோத்துட்டதா அர்த்தமில்ல. நீங்க எங்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் டாக்டர்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். வகுப்பில் முதல் முறையாகத் திட்டு வாங்கிய பிள்ளையின் முகம் அவருக்கு வந்திருந்தது. வெளியே வந்ததும் நடைப்பெண் பெல்ட்டை மறுபடி நீட்டினாள். இந்தத் தடவை தன் கையாலேயே டீச்சரின் இடுப்பில் கட்டி, கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, ஜெராக்ஸ்காரரை விரலால் எச்சரித்து அனுப்பினாள்.

வீட்டில் ஜெராக்ஸ்காரர் செய்த முதல் வேலை, காலண்டருக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டது. இரண்டாவது வேலை, போன மாதத் தாளைக் கிழித்தது. டீச்சர் சமையலறைக்குப் போகிற வழியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனார். முதல் இரண்டு நாள் உட்காரும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்தபடியே, அடுப்பில் வைத்ததை அணையுங்கள், ஜன்னலைத் திறங்கள், முதுகை நிமிர்த்துங்கள் என்று அங்கிருந்தே வீட்டை ஆள ஆரம்பித்தார். ரத்தம் ஏற்றிய பிறகு முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது.

வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. என் நடையை நீங்கள் படித்துவிட்டீர்கள், என் நல்ல நடையையும் படிக்க வேண்டாமா என்று வீட்டுக்காரரைக் கூடத்தில் நிறுத்தினார். லெஃப்ட் ரைட் சொன்னார். ஜெராக்ஸ்காரர் இடது காலோடு இடது கையையும் வீசினார். தப்பு என்றார் டீச்சர். அவர் வலது காலோடு வலது கையை வீசினார். டீச்சர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்து நடத்தினார். இப்போது டீச்சரின் கையும் தப்பாக வர ஆரம்பித்தது. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் அச்சாக நகல் எடுக்கிற மனுஷனுக்கு இது மட்டும் வரவில்லையே என்று டீச்சருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நிற்க முடியவில்லை. சுவரோடு சரிந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "முடியலங்க, ரொம்ப டயர்டா இருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் பெல்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஜெராக்ஸ்காரர் கடைக்கு வந்தார். மெஷினைப் போடுவதற்குள் நடைப்பெண்ணிடமிருந்து போன் வந்தது. போன வாரம் நீங்கள் எடுத்த நகலுக்கு இந்த வாரம் பரவாயில்லை சார், உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கிறார்கள், நிற்பது குறைந்திருக்கிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நேற்று மத்தியானம் கொஞ்ச நேரம் மட்டும் கோடு தாறுமாறாகப் போகிறது, நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை, கடைசியில் தரைக்கு இறங்கிவிட்டது, அதற்குப் பிறகும் வெகு நேரம் குலுங்கிக்கொண்டே இருக்கிறது என்றாள்.

"அம்மா விழுந்துட்டாங்களா சார்? உண்மையச் சொல்லுங்க. இல்ல, மறுபடி நீங்க கட்டிக்கிட்டீங்களா?"

"விழலம்மா. நானும் கட்டிக்கல" என்றார் ஜெராக்ஸ்காரர். "அது டீச்சர் சிரிச்சது. அசல்தான், எழுதிக்கோ."